பார்க்கக் கற்பித்த ஆசிரியை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடிவருவது எளிய செயலன்று. கவிதை படிக்க ஒருவர், கேட்கப் பலர், கேட்டபின் உடன்படவும் மறுக்கவும் சிலர் என்று இவ்வரங்கு தன்னைக் காத்து வந்திருக்கிறது. இவ்விழாவில் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசலாமா என்று அமைப்பாளர்களைக் கேட்டபோது, கவிதைக்கு அது ஏதேனும் சொல்லுமானால் பேசலாம் என்றனர். சொல்கிறது என்றே கருதுகிறேன். ‘மோனா லிசா ஸ்மைல்’ என்னும் அமெரிக்கப் படம் 2003 டிசம்பரில் வெளிவந்தது. மைக் நியூவெல் இயக்க, ஜூலியா ராபர்ட்ஸ் ஆசிரியையாக நடித்தார். இது மாபெரும் திரைக்காவியம் அன்று. ஆனால் ஒரு நல்ல வினாவை நடுவில் வைத்துக் கட்டிய படம். அந்த வினாவுக்காகவே இதை உங்கள் முன் கொண்டுவருகிறேன்.

கதை 1953இல் தொடங்குகிறது. பாஸ்டன் நகரை அடுத்த வெல்லெஸ்லி என்னும் ஊரில், அதே பெயர் கொண்ட மகளிர் கல்லூரிக்குக் கலை வரலாறு கற்பிக்கக் கேதரின் வாட்சன் வருகிறார். கலிபோர்னியாவிலிருந்து வருபவர், பெருங்குடிப் பிறப்பில்லை, மணமாகாதவர். 1875இல் மாணவியரைச் சேர்க்கத் தொடங்கிய அக்கல்லூரி, ‘ஏழு சகோதரிகள்’ என்று அமெரிக்கர் வழங்கும் புகழ்பெற்ற மகளிர் கல்லூரிகளுள் ஒன்று. நாட்டின் மிகக் கூர்மையான மாணவியர் அங்குப் பயில்கின்றனர். அவர்களுக்குக் கற்பிப்பது பெரும் பேறு என்று எண்ணியே கேதரின் வருகிறார்.

முதல் வகுப்பில் விளக்கை அணைத்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுகிறார். ஸ்பெயின் நாட்டு அல்டமிரா குகையின் எருது தோன்றுகிறது. ஒரு மாணவி அதன் பெயரையும் இடத்தையும் காலத்தையும் சொல்லிவிடுகிறாள். அடுத்த படம், அடுத்த மாணவி, அதே வேகம். ஆசிரியை வாய் திறப்பதற்குள் பாடம் முடிந்துவிடுகிறது. பாடநூல் முழுவதையும் அவர்கள் முன்னரே படித்து முடித்திருக்கிறார்கள். சொல்லித்தர ஒன்றுமில்லாத ஆசிரியையாய் அவர் நிற்க, மாணவியர் எழுந்து வெளியேறுகின்றனர்.

இக்காட்சியில் மாணவியர் சொன்ன விடை ஒன்றுகூடப் பிழையில்லை. எல்லாம் சரியான விடைகள். ஆயினும் அவர்களுள் ஒருத்தியும் அந்த எருதைப் பார்க்கவில்லை. பெயர் தெரிந்தவுடன் பார்வை நின்றுவிட்டது. அறிவு கண்ணுக்குத் திரையாவது இப்படித்தான்.

இரண்டாம் வகுப்பில் கேதரின் பாடநூலில் இல்லாத ஓவியத்தைக் காட்டுகிறார். சூட்டின் என்னும் ஓவியர் 1925இல் தீட்டிய, தோலுரித்துத் தொங்கவிடப்பட்ட மாட்டின் உடல் அது. குருதியும் கொழுப்புமாய்த் திரையை நிறைக்கும் அப்படத்தைக் கண்டு வகுப்பு திகைக்கிறது. இது நல்ல கலையா என்று கேட்கிறார் ஆசிரியை. விடை எந்த நூலிலும் இல்லை. தரத்துக்கு அளவுகோல்கள் உண்டு என்கிறாள் பெட்டி வாரன் என்னும் மாணவி. அந்த அளவுகோல்களை வகுத்தவர் யார் என்பதே ஆசிரியையின் மறுவினா. பிறகு தாம் சிறுமியாய் இருந்தபோது வரைந்த படம் ஒன்றையும் காட்டி, இது கலையா என்கிறார். வகுப்பு தடுமாறுகிறது.

கவிஞர்களே, இந்த வினா நம் அரங்குக்குப் புதிதன்று. புதுக்கவிதை ஒன்று இங்கே படிக்கப்படும்போது, படித்தவர் யார், எந்த இதழில் வந்தது, யார் பாராட்டினார் என்பவை கவிதைக்கு முன்னரே நம் செவியை எட்டிவிடுகின்றன. பெயரைக் கேட்டவுடன் தலையசைக்கவும் பெயர் தெரியாதபோது தயங்கவும் நாம் பழகியிருக்கிறோம். ஆகவே அந்த வகுப்பறை நமக்கு அந்நியமன்று.

ஆனால் படத்தின் நோக்கம் ஓவியத்தோடு நிற்கவில்லை. அளவுகோலை வகுத்தவர் யார் என்னும் வினா சுவரிலுள்ள ஓவியத்திலிருந்து மெல்ல நகர்ந்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களின் மேல் விழுகிறது. நல்ல ஓவியம் எது என்று வகுத்தவர் யார்? நல்ல பெண் எவள் என்று வகுத்தவர் யார்? இரண்டும் ஒரே வினா என்பதே இப்படத்தின் உயிர்.

அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த அமெரிக்கப் பெண்கள், போர் முடிந்தபின் இல்லம் திரும்புமாறு வற்புறுத்தப்பட்ட காலம் அது. ஹார்வர்டு சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1950இல்தான். அவர்களுள் முதல் அணியினர் பட்டம் பெற்றது 1953இல். அத்லாய் ஸ்டீவன்சன் என்னும் அரசியல் தலைவர், முற்போக்கர் என்று பெயர் பெற்றவர், 1955இல் ஸ்மித் மகளிர் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் பேசினார். மனைவியாகவும் தாயாகவும் இருந்து கணவனையும் மக்களையும் பண்படுத்துவதே கற்ற பெண்ணின் பெரும்பணி என்பது அவ்வுரையின் சாரம். அதே ஸ்மித் கல்லூரியில் 1942இல் பட்டம் பெற்ற பெட்டி ஃபிரீடன், தம்மோடு பயின்ற தோழியரிடம் 1957இல் வினாத்தாள் கொடுத்து விடைகள் திரட்டினார். வீடும் வாகனமும் குழந்தைகளும் வாய்த்தபின்னும் அவர்களுள் பலருக்குப் பெயர் சொல்ல இயலாத ஒரு வெறுமை இருந்ததை அறிந்தார். அதிலிருந்து விளைந்த அவருடைய நூல் 1963இல் வெளிவந்து பெண்ணியச் சிந்தனையில் திருப்புமுனையாயிற்று.

இவ்வரங்கில் கவிஞர்கள் அமர்ந்திருப்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். படம் சொல்லாதது இது. கவிஞர் சில்வியா பிளாத் வளர்ந்த ஊர் இதே வெல்லெஸ்லி. அவர் பயின்றது ஸ்மித் கல்லூரியில். 1953 கோடையில் நியூயார்க்கில் பெண்கள் இதழ் ஒன்றில் விருந்தினர் ஆசிரியராய்ப் பணியாற்றித் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டில், இருபது வயதில், வெல்லெஸ்லியில் தம் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். ஒருவருடைய மனநோயின் காரணங்களை ஒற்றைச் சொல்லில் அடக்குவது அறமாகாது. எனினும் கதையில் கேதரின் வந்திறங்கும் அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், அப்பகுதியின் மிகச் சிறந்த இளங்கவிஞர் மருத்துவமனையில் இருந்தார். இதை அறிந்தபின் படத்தின் அழகிய புல்வெளிகளை முன்போல் பார்க்க முடிவதில்லை.

கேதரினின் மாணவியருள் நால்வரைப் படம் நெருங்கிப் பார்க்கிறது. பெட்டி வாரன் செல்வக் குடும்பத்தவள். தாய் கல்லூரி வட்டாரத்தில் செல்வாக்குடையவர். ஜோன் பிராண்ட்வின் சட்டம் பயிலும் ஆற்றல் உள்ளவள். ஜிசெல் லெவி தன் விருப்பம்போல் வாழ்ந்து ஊரார் ஏச்சைப் பொருட்படுத்தாதவள். கானி பேக்கர், தன்னை எவரும் விரும்பமாட்டார்கள் என்று பிறர் சொல்லிச் சொல்லி நம்பவைக்கப்பட்டவள்.

இவர்களுள் பெட்டியே எழுத்தாளர். கல்லூரி இதழில் அவள் எழுதும் தலையங்கங்கள் அஞ்சப்படுகின்றன. அமாண்டா ஆம்ஸ்ட்ராங் என்னும் கல்லூரிச் செவிலி மாணவியருக்குக் கருத்தடைச் சாதனம் கொடுத்ததைப் பெட்டி எழுத, அச்செவிலி வேலையிழக்கிறார். இக்காட்சியின் கொடுமையை உணர அம்மாநிலச் சட்டத்தை அறிய வேண்டும். மணமானவர்க்குக் கருத்தடைச் சாதனம் வழங்க மாசசூசெட்ஸ் 1966இல்தான் இசைந்தது. மணமாகாதவர்க்கு அவ்வுரிமை 1972இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. எனவே பெட்டி வெறும் வம்பு எழுதவில்லை. சட்டத்தின் பக்கம் நின்று எழுதினாள். எழுதுகோல் எப்போதும் விடுதலையின் பக்கம் நிற்கும் என்று எழுதுவோராகிய நாம் நம்பிக்கொள்கிறோம். எழுதத் தெரிந்தவரே வழக்கத்தின் வலிய காவலராவதும் உண்டு என்பதைப் பெட்டி காட்டுகிறாள்.

நான்சி அபே என்னும் இன்னொரு ஆசிரியையையும் குறிப்பிட வேண்டும். கேதரின் தங்கியிருக்கும் வீட்டுக்காரி அவர். நடையுடை பாவனையும் விருந்தோம்பலும் அவருடைய பாடங்கள். கணவனின் மேலதிகாரி விருந்துக்கு வந்தால் எவ்வாறு அமர்த்துவது என்று கற்பிக்கும் அந்த அம்மையாருக்குக் கணவன் இல்லை. மாலை நேரங்களில் தொலைக்காட்சிப் பெட்டியே துணை. தமக்கு வாய்க்காத வாழ்வை ஆண்டுதோறும் புதிய மாணவியர்க்குக் கற்பித்துக்கொண்டிருக்கும் அவரைப் படம் கேலி செய்யவில்லை. வழக்கத்தின் காவலர்களும் அதனால் காயமுற்றவர்களே என்பதை இப்பாத்திரத்தின் வழியே உணர்த்துகிறது.

படத்தின் நடுவில் வருகிற ஒரு பெட்டி எனக்கு மிகவும் பிடித்தமானது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இல்லங்களில் எண்ணிட்டு வண்ணம் தீட்டும் ஓவியப் பெட்டிகள் பெருவழக்காயின. அட்டையில் கோடுகளும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணும் இருக்கும். எண்ணுக்குரிய வண்ணத்தைப் பூசினால் ஓவியம் தயார். இவ்வகைப் பெட்டிகளை உருவாக்கிய டான் ராபின்ஸ், லியனார்டோ டா வின்சி தம் பயிலுநர்க்கு எண்ணிட்ட வரைவுகள் கொடுத்ததாகக் கேள்வியுற்றதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது என்று கூறியதுண்டு. மோனா லிசாவைத் தீட்டியவரின் பெயர் இங்கும் வந்து நிற்பது வியப்பு. கேதரின் வான் கோவின் சூரியகாந்திப் பூக்களை அத்தகைய பெட்டி ஒன்றில் கொண்டுவந்து வகுப்பில் வைக்கிறார். எவரைப் போலவும் தீட்டாத ஓவியரை, எல்லாரும் ஒரேபோல் தீட்டுமாறு பெட்டியில் அடைத்துவிட்டார்கள்.

வான் கோ வாழ்நாளில் ஓர் ஓவியம்கூட விற்கவில்லை என்று சொல்லப்படுவதுண்டு. முற்றும் சரியன்று. அவருடைய ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் விலைபோயிற்று. வாங்கியவர் ஆன்னா போக் என்னும் பெல்ஜிய ஓவியர், ஒரு பெண். விமரிசகர் பலர் தயங்கிய காலத்தில் தம் கண்ணை நம்பி நானூறு பிராங்க் கொடுத்தவர். அளவுகோலை வகுப்பவர் யார் என்னும் வினாவுக்கு வரலாறு தரும் அழகிய விடைகளுள் இதுவும் ஒன்று. படம் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

பெட்டிக்குத் திருமணம் நடக்கிறது. தேனிலவு கழித்து வகுப்புக்குத் திரும்புகிறாள். மணமான மாணவியர் வகுப்புக்கு வராவிட்டால் கண்டுகொள்ளாமல் விடுவது அங்கே வழக்கம். கேதரின் அதற்கு இசையவில்லை. வகுப்புக்கு வந்தால் தேர்ச்சி, இல்லையேல் தோல்வி. பெட்டி வெகுண்டு, திருமணத்தின் மீதே இவ்வாசிரியை போர் தொடுத்துவிட்டதாகத் தலையங்கம் தீட்டுகிறாள். மறுவகுப்பில் கேதரின் ஓவியங்களைக் காட்டவில்லை. அக்கால விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் திரையில் வீசுகிறார். இடைக்கச்சை, துணி தேய்க்கும் மனைவி, அடுக்களையில் புன்னகைக்கும் தலைவி. வருங்கால அறிஞர்கள் இவற்றைக் கொண்டே நம் காலத்துப் பெண்ணை அறிவார்கள் என்று சினந்து சொல்கிறார். நீங்கள் கற்ற வேதியியலும் வடிவியலும் இதற்காகத்தானா என்பதே அச்சினத்தின் பொருள். பலரும் இதையே படத்தின் உச்சம் என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உச்சம் இதன்பின் வருகிறது. அங்கே பேசுபவர் ஆசிரியை அல்லர், மாணவி.

ஜோன் சட்டம் படிக்க விரும்புகிறாளா என்று கேதரின் முன்பே கேட்டிருந்தார். பட்டம் பெற்றதும் திருமணம் என்கிறாள் அவள். அதன்பின் என்று கேட்டால், அதன்பின் திருமணமானவளாய் இருப்பேன் என்கிறாள். இரண்டும் இயலும் என்று சொல்லி யேல் சட்டக் கல்லூரியின் விண்ணப்பத்தைத் தருகிறார் கேதரின். ஜோனுக்கு இடம் கிடைக்கிறது. அவள் மணக்கவிருக்கும் டாமியோ ஃபிலடெல்ஃபியாவுக்குப் படிக்கச் செல்கிறான். கேதரின் மனந்தளரவில்லை. ஃபிலடெல்ஃபியாவிலுள்ள சட்டக் கல்லூரிகளின் விவரங்களைத் திரட்டிக்கொண்டு ஜோனின் வீட்டு வாசலுக்கு வருகிறார். அதற்குள் ஜோன் மணம் முடித்துவிட்டாள்.

அப்போது ஜோன் அமைதியாகச் சொல்வதை எண்ணிப் பாருங்கள். இது என் முடிவு, எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இல்லத்தரசியாய் இருப்பவள் ஆன்மாவை விற்றவள் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள், தோற்றத்துக்கு அப்பால் பார் என்று எங்களுக்குக் கற்பித்தீர்கள், என்னைப் பார்க்கும்போது நீங்கள் அவ்வாறு பார்க்கவில்லையே என்கிறாள்.

ஆசிரியையிடம் மறுமொழி இல்லை. வாழ்த்திவிட்டு விடைபெறுகிறார்.

இக்காட்சியைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பெண் விடுதலை பேச வந்த படம் கடைசியில் பணிந்துவிட்டது என்பார் சிலர். ஜோன் ஐந்தாண்டுகளில் வருந்துவாள், ஃபிரீடனின் வினாத்தாளில் அவளும் ஒரு விடையாவாள் என்பார் சிலர். அவ்வாறு நேரலாம்; நேராமலும் போகலாம். ஆனால் ஜோனின் விடையை எடைபோடும் முன் அந்த விண்ணப்பத்தாளை நினைவுகூர வேண்டும். கேதரின் வருமுன் ஜோனுக்குத் திருமணம் என்பது ஒரு தேர்வே அன்று. பொழுது விடிந்தால் வருவதுபோல் அது தானே வந்திருக்கும். யேலிலிருந்து இசைவு மடல் வந்தபின் அவள் செய்தது தேர்வு. கதவில்லாத அறைக்குள் இருப்பதும், திறந்த கதவைக் கண்டபின் உள்ளேயே இருக்க முடிவெடுப்பதும் வெளியிலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றுபோல் தோன்றும். உள்ளே இருப்பவளுக்கு அவை இருவேறு வாழ்க்கைகள். ஆசிரியர் செய்யக் கூடியது கதவைத் திறப்பது வரை. அதற்கப்பால் கையைப் பிடித்து இழுத்தால், முன்பு இழுத்தவர்களுக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை.

இருபத்தொரு வயதில் சொன்ன விடை இறுதி விடையுமாகாது. மெடலின் ஆல்பிரைட் வெல்லெஸ்லியில் 1959இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற மூன்றாம் நாள் அவருக்குத் திருமணம். மூன்று பெண்மக்களை வளர்த்துக்கொண்டே பயின்று, 1976இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1997இல் அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரானார். 1959இல் அவரைப் பார்த்த ஒரு கேதரின், மற்றொரு திறமை வீணாயிற்று என்று பெருமூச்சு விட்டிருக்கக் கூடும்.

வழக்கத்தை மீறும் ஆசிரியர் என்றாலே நன்மை செய்பவர் என்று கொள்ள வேண்டியதில்லை. இதற்கு எதிர்ச்சான்றாக நிற்பது 1969இல் வெளிவந்த வேறொரு படம். மியூரியல் ஸ்பார்க் 1961இல் எழுதிய நாவலை அடியொற்றி ரோனால்ட் நீம் இயக்கியது. 1930களின் எடின்பரோ நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கற்பிக்கும் ஜீன் பிராடி என்னும் ஆசிரியையாக மேகி ஸ்மித் நடித்து ஆஸ்கர் விருது பெற்றார். பிராடியும் மணமாகாதவர், அவரும் பாடநூலை ஒதுக்குபவர், தலைமையாசிரியையோடு மோதுபவர், கலையையும் காதலையும் பற்றிப் பேசி மாணவியரை மயக்குபவர். இத்தாலியின் மிகப்பெரும் ஓவியர் யார் என்று வகுப்பில் கேட்கிறார். லியனார்டோ என்கிறாள் ஒரு சிறுமி. தவறு என்று மறுக்கும் பிராடி, ஜியோட்டோவே சரியான விடை, ஏனெனில் எனக்கு அவரைப் பிடிக்கும் என்கிறார்.

இரு வகுப்பறைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பாடநூல் தள்ளப்படுகிறது. ஒன்றில் அந்த இடம் மாணவியின் கண்ணுக்கு விடப்படுகிறது. மற்றதில் ஆசிரியையின் விருப்பத்தால் நிரப்பப்படுகிறது. முசோலினியையும் ஃபிராங்கோவையும் போற்றும் பிராடியின் பேச்சில் மயங்கிய ஒரு மாணவி, ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்டுப் போய் இறக்கிறாள். பிராடியின் கூட்டத்தில் ஒருத்தியும் ஜோன் போல் எதிரே நின்று மறுத்துப் பேசி, அன்பும் குறையாமல் விடைபெற முடிவதில்லை. எதிர்த்தவள் காட்டிக்கொடுப்பவள் ஆகிறாள். மாணவர் மறுப்பதற்கு இடமளித்தாரா என்பதே ஆசிரியரை அளக்கும் அளவுகோல் என்று நான் கருதுவதற்கு இவ்விரு படங்களே காரணம்.

இனி, கேதரினின் பாடத்தை அவர் படத்தின் மேலேயே செலுத்திப் பார்ப்போம். தோற்றத்துக்கு அப்பால் பார்க்கச் சொல்லும் இப்படம் வெல்லெஸ்லிக் கல்லூரியை அவ்வாறு பார்த்ததா? இல்லை என்றே சொல்வேன். படத்தில் அக்கல்லூரி புதுமைக்கு அஞ்சும் கோட்டை. பொல்லாக்கின் ஓவியத்தை மாணவியருக்குக் காட்ட மேற்கிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருக்கிறது. வரலாறு வேறு. பின்னர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான ஆல்ஃபிரட் பார், அமெரிக்கக் கல்லூரிகளிலேயே நவீனக் கலைக்கென முதன்முதலாய் ஒரு பாடத்தை நடத்தியது இதே வெல்லெஸ்லியில், 1926-27 கல்வியாண்டில். அதாவது கேதரின் வருவதாகக் கதை சொல்லும் ஆண்டுக்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்பு. அக்கால மாணவியர் பலர், தாங்கள் பயின்ற கல்லூரி மனைவியரை ஆயத்தம் செய்யும் கூடமாய் இருக்கவில்லை என்று இப்படத்தை மறுத்துரைத்தனர்.

படத்தில் கல்லூரித் தலைவியாய் வருபவர் கற்பனைப் பாத்திரம்; முதியவர்; மாற்றத்துக்கு இசையாதவர். 1953இல் அப்பதவியில் உண்மையில் இருந்தவர் மார்கரெட் கிளாப். வெல்லெஸ்லியில் 1930இல் பட்டம் பெற்றவர், வரலாற்றறிஞர், ஜான் பிகலோ என்பாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1948இல் புலிட்சர் பரிசு பெற்றவர், மணம் செய்துகொள்ளாதவர். 1949 முதல் 1966 வரை அக்கல்லூரியை நடத்தினார். அப்பதவியிலிருந்து விலகியதும் அவர் சென்ற இடம் எது தெரியுமா? மதுரை. கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948இல் நிறுவிய லேடி டோக் மகளிர் கல்லூரியில் பொறுப்பேற்றுப் பணியாற்றிய பின்னர், இந்தியாவிலேயே அமெரிக்கத் தூதரகத்தின் பண்பாட்டுப் பணிக்குச் சென்றார். கதையில் வெல்லெஸ்லி மாணவியர் வண்ணப் பெட்டிகளோடு அமர்ந்திருந்த ஆண்டில் அக்கல்லூரியின் தலைமை நாற்காலியில் இருந்தவர், பின்னாளில் வைகைக்கரை நகரின் தமிழ்ப் பெண்களுக்குக் கல்வி தர வந்தார் என்பதைப் படம் பார்க்கும் எவரும் அறிய வாய்ப்பில்லை. ஒரே ஒரு புரட்சிக்காரியை உயர்த்திக் காட்ட, அவருக்கு முன்னும் சுற்றிலும் இருந்த கற்ற பெண்கள் எல்லாரையும் திரைக்கதை வழக்கத்தின் காவலர்கள் ஆக்கிவிட்டது. பெண்களுக்காகப் பேசும் கதைகளிலும் பெண்களின் உழைப்பு மறைக்கப்படலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

இக்குறையைச் சொல்வதால் படம் தாழ்ந்துவிடவில்லை. கேதரின் கற்பித்ததை அவர் படத்தின் மீதே நாம் செலுத்த முடிகிறது. நல்ல பாடம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

படத்துக்குப் பெயர் தந்த காட்சிக்கு வருகிறேன். பெட்டியின் திருமணம் உடைகிறது. கணவன் வேறொருத்தியை நாடுகிறான். தாயிடம் வந்து சொன்னால், வீட்டுக்குத் திரும்பிப் போ, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள் என்கிறார் தாய். ஒருநாள் பெட்டி மோனா லிசாவின் படத்தைத் தாயிடம் காட்டி, இவள் புன்னகைக்கிறாளே, மகிழ்ச்சியாய் இருக்கிறாளா என்று வினவுகிறாள். எவரிடமும் சொல்லாதிருப்பதே முக்கியம் என்று தாயின் விடை வருகிறது. தோன்றுவதெல்லாம் உள்ளபடி இருப்பதில்லை என்பது மகளின் மறுமொழி.

கேதரினை எதிர்த்து எழுதிய பெண்ணே அவருடைய பாடத்தை முழுமையாய்க் கற்றவள் என்பது இங்கே புலனாகிறது. முதல் வகுப்பில் ஓவியம் என்பது பெட்டிக்கு ஒரு தலைப்பும் ஓர் ஆண்டும் மட்டுமே. இப்போது அவள் அந்த முகத்தைப் பார்க்கிறாள். பார்த்தவுடன் தன் தாயையும் தன்னையும் சேர்த்தே பார்த்துவிடுகிறாள். மணவிலக்குக் கோரி, முன்பு தான் இழிவாய்ப் பேசிய ஜிசெலோடு நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் ஒன்றாய்த் தங்கப் புறப்படுகிறாள். ஜோன் இல்லத்துக்குள் செல்ல, பெட்டி இல்லத்திலிருந்து வெளியேறுகிறாள். ஒரே ஆசிரியையிடம் பயின்ற இருவர் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றனர். இருவரும் நல்ல மாணவியரே.

கல்லூரி கேதரினை மீண்டும் அழைக்கிறது, நிபந்தனைகளோடு. பாடத்திட்டத்தை மீறக் கூடாது, பாடக் குறிப்புகளுக்கு முன்னிசைவு பெற வேண்டும், பாடத்துக்கு வெளியே மாணவியருக்கு அறிவுரை கூறக் கூடாது என்றெல்லாம் விதிக்கிறது. அவர் ஏற்கவில்லை. அவருக்கு மாணவியர் விட்டுச்செல்லும் பரிசு, அந்த எண்ணிட்ட சூரியகாந்திகள். ஆனால் எண்களின்படி அல்ல. ஒவ்வொருத்தியும் தன் மனம்போல் தீட்டியிருக்கிறாள். ஒரே கோடுகள், வெவ்வேறு பூக்கள். ஜோனின் வாசலில் நின்று ஆசிரியை கற்றுக்கொண்டதை அந்தப் படங்களும் சொல்கின்றன. கோடுகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த வீடும் காலமும் மொழியும் அவற்றை வரைந்துவிடுகின்றன. எந்த வண்ணம் என்பதை இன்னொருவர் எண்ணிட்டுத் தர முடியாது. அன்புடைய ஆசிரியரும் தரலாகாது.

கவிஞர்களே, இவ்வட்டத்தில் மூத்தோர் உள்ளனர், புதியோரும் உள்ளனர். மூத்தோர் எண்ணிட்டுக் கொடுத்த கட்டங்களில் இளையோர் வண்ணம் பூசினால் நம் தொகுப்புகள் அழகாய் அச்சேறும், கவிதை பிறக்காது. நம்மை மறுக்கும் கவிதை ஒன்று, குறிப்பாக நாம் விரும்பியபடி பேசாத ஒரு பெண்ணின் கவிதை, இவ்வரங்குக்கு வரும்போது அதன் பெயரையும் இடத்தையும் காலத்தையும் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போகாமல், சற்று நேரம் பேச்சை நிறுத்தி அதைப் பார்க்க வேண்டுகிறேன். பதினோராம் ஆண்டுக்கு நாம் எடுத்துச் செல்லத் தக்க உறுதிமொழி இதுவே.